எண்ணூறு ராத்தல்

குன்னூர்,
9-11-1981

மனுவேல் அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. அப்பா போன செய்தியை நான் எழுதியபோது நீங்கள் அனுப்பிய பதில் இரண்டே வரி. அதன் பிறகு நீங்களும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. தலைமன்னார் இறங்குதுறையில் நின்றுகொண்டு, "அடுத்த கப்பல்ல வந்துருவேன், அழாத" என்று கையாட்டியவர் நீங்கள். வீரம்மா அண்ணிக்குச் சிலோன் பிரஜாவுரிமை கிடைத்ததும் உங்களுக்கும் அந்த மண் இனித்துவிட்டது. எங்களுக்கு மண்டபம் முகாம், அப்புறம் கீழ் கோத்தகிரி. அம்மா இன்னும் அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள்.

போகட்டும். சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். இப்போது எனக்கு வேண்டியது அண்ணன் அல்ல, ஒரு பிட்டர். தேயிலைத் தொழிற்சாலையில், நம் ஸ்டோரில், நீராவிக் குழாய்களோடு மல்லுக்கட்டிப் பழகிய ஆள் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்து முடித்துவிட்டேன். குன்னூரில் ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் தற்காலிக உதவியாளர் வேலை. ஏப்ரலில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது. அயான் குரோமடோகிராப் என்று பெயர். ஒரு பம்பு சோடா உப்புக் கரைசலை, தையல் நூல் நுழையும் அளவுக்குத்தான் துளை உள்ள குழாய் வழியாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். வழியில் பிசின் மணிகள் அடைத்த குழல்கள். நம் தண்ணீரில் ஒரு சொட்டை அதில் கலந்துவிட்டால், அதிலுள்ள நைட்ரேட், சல்பேட், குளோரைடு எல்லாம் ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளியே வரும். பேனா ஒன்று தாளில் மலை மலையாக வரைந்து எது எவ்வளவு என்று காட்டும். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் வந்த ஒரு மாதத்தில் ஓர் இணைப்பு ஒழுகுகிறது. மரையுள்ள பிளாஸ்டிக் நட்டு, சுண்டுவிரல் நகத்தளவு. அதைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. அழுத்தமும் ஒரு நிலையில் நிற்காமல் ஆடுகிறது. எங்கள் மேற்பார்வையாளர் ஆறுச்சாமி சார் கோயமுத்தூர்க்காரர், கைபலம் உள்ளவர். "இதுக்குப் போயி மெட்ராஸ்ல இருந்து ஆள் வரோணுமா?" என்று ஸ்பானரை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றினார். முன்பு கசிந்தது, இப்போது சொட்டுகிறது. கம்பெனி எஞ்சினியர் ஜனவரியில்தான் வருவாராம். பந்தலூரில் நம் ஆட்கள் குடியிருக்கும் தோட்ட லய வீடுகளிலிருந்து வந்த தண்ணீர்ப் புட்டிகள் எல்லாம் பெட்டியில் காத்துக் கிடக்கின்றன.

ஒழுகும் மரையை என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். அது போதும்.

தபித்தாள்


பொகவந்தலாவை,
25-11-1981

என் அருமைத் தங்கச்சிக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, திறக்காமலே திண்டாடினேன். உன் அண்ணிதான் பிடுங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "பயப்படாதீங்க, உங்கள பைப் ரிப்பேருக்குத்தான் கூப்பிடுது" என்றாள்.

முழுக்க 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். என் முதுகில் ஏறி உட்கார்ந்து, காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்துக்குச் சவாரி போன பிள்ளை. நாலு அறை விட்டிருந்தாலும் இவ்வளவு உறைத்திருக்காது. அடுத்த கப்பலைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். பதில் இருக்கிறது, ஆனால் அது இந்தத் தாளில் அடங்காது. நீயே சொன்னதுபோல் இன்னொரு நாள்.

பிட்டராகப் பேசுகிறேன், கேள். ஒழுகும் மரையை முறுக்கக் கூடாது. முறுக்கினால் மரை செத்துப்போகும். உங்கள் ஆறுச்சாமி சாரிடம் ஸ்பானரை மறைத்து வை. நாங்கள் நீராவி லைனில் என்ன செய்வோம் என்றால், மரையில் சணலைச் சுற்றி, மேலே சிவப்பு ஈய மையைப் பூசி, அப்புறம் ஏற்றுவோம். ஆயுசுக்கும் கசியாது. அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் வேலை அதுதான். உன் நட்டு நகத்தளவு என்கிறாய், அதற்குச் சணல் தடிமன். கடையில் வெள்ளை டேப் கிடைக்கும், மெழுகு மாதிரி வழுக்கும். அதை வாங்கு. மரை ஏறும் பக்கமாகவே இழுத்துப் பிடித்துச் சுற்று. பயப்படாமல் நன்றாகச் சுற்று.

அது சரி, உன் மெஷின் எத்தனை ராத்தல் அழுத்தத்தில் ஓடுகிறது? அதை எழுதவில்லையே.

அண்ணி கேட்டதாகச் சொன்னாள். அம்மாவிடம் என் சுகத்தைச் சொல்.

மனுவேல்


குன்னூர்,
12-12-1981

அண்ணனுக்கு,

ஒழுகல் நின்றுவிட்டது! நீங்கள் சொன்னபடியே டேப்பை இழுத்துச் சுற்றினேன். மரை முடிந்த பிறகும் நுனியில் ஒரு சுற்று விட்டேன், காப்பாக இருக்கட்டும் என்று. ஒரு சொட்டு இல்லை. ஆறுச்சாமி சார் குனிந்து பார்த்து, "ஏம்புள்ள, கைவாகு வந்துருச்சாட்ட இருக்குது! யாரு சொல்லிக் கொடுத்தது?" என்றார். சிலோன் தோட்டத்தில் பிட்டராக இருக்கும் எங்கள் அண்ணன் என்று சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை.

ஆனால் வேறொரு வில்லங்கம் முளைத்திருக்கிறது. அழுத்தம் ஏறுகிறது. சரியாக ஓடும்போது முள் ஐந்நூறு ராத்தலில் நிற்கும். (இங்கே பி.எஸ்.ஐ. என்பார்கள். உங்களுக்காக ராத்தல் என்று எழுதினேன், எழுதியதும் நம் ஸ்டோர் வாசனையே வந்துவிட்டது.) டேப் போட்ட பிறகு அறுநூறு ஆனது, அப்புறம் எழுநூறு. இப்போது எண்ணூறைத் தொட்டதும் பம்பு தானாக நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போனால் குழல் தாங்காது என்று எல்லை வைத்திருக்கிறார்கள்.

எங்கோ அடைப்பு. எங்கே என்று நானே தேடினேன். பம்பை மெதுவாக ஓடவிட்டு, கடைசி இணைப்பிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். தளர்த்தியும் முள் இறங்காவிட்டால் அடைப்பு இன்னும் பம்பின் பக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். அளக்கும் கலத்தைக் கழற்றினேன், இறங்கவில்லை. பெரிய குழலைக் கழற்றினேன், இறங்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு குட்டிக் குழல் உண்டு, பெரிய குழலுக்கு அழுக்குப் போகாமல் காவல் காப்பது. அதன் முன் இணைப்பைத் தளர்த்தியதும் முள் தொப்பென்று விழுந்துவிட்டது. ஆக, அடைப்பு அந்தக் குட்டிக் குழலின் வாயில்தான். அங்கே பொத்தான் அளவுக்கு ஒரு வடிகட்டி வில்லை இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கிறது. ஆனால் உத்தரவாதம் முடியும் வரை கம்பெனி ஆள்தான் திறக்க வேண்டுமாம். முத்திரை ஒட்டியிருக்கிறார்கள்.

பந்தலூர்ப் புட்டிகள் அப்படியே இருக்கின்றன. பயன்படாமல் போய்விட்டால் மறுபடி எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு அம்மாவிடம் போகிறேன். உங்கள் கடிதத்தைக் காட்டுவேன். அவள் அழுவாள், அதற்கும் நான்தான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துச் சமாதானம் சொல்ல வேண்டும்.

தபித்தாள்


பொகவந்தலாவை,
2-1-1982

தங்கச்சிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். எண்ணூறு ராத்தலா? எங்கள் பாய்லரே நூற்றைம்பதைத் தாண்டினால் நான் ஸ்டோரை விட்டு ஓடிவிடுவேன். எண்ணூறு என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு உன் அண்ணியை மெஷின் பக்கம் போகாதே என்று கத்தினேன். அவள் அடுப்பங்கரையில் நின்றுகொண்டு, "எந்த மெஷின்?" என்றாள்.

விஷயம் அதுவல்ல. நுனியிலும் ஒரு சுற்று விட்டேன் என்கிறாயே, அதுதான் தப்பு. சணலோ டேப்போ மரைமேல் மட்டும்தான் இருக்க வேண்டும். முதல் இரண்டு மரையை வெறுமையாக விட வேண்டும். நுனியைத் தாண்டினால் பிய்ந்து உள்ளே போகும். எங்கள் நீராவி லைனில் போனால் போகட்டும், ஆட்டுக்குட்டியே நுழையும் குழாய் அது. உன் குழாயில் நூல்தான் நுழையும் என்றாய். இதை நான் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எங்களுக்குக் கையே சொல்லிவிடும் வேலை என்பதால் வாயில் வரவில்லை.

டேப்பைப் பிரி. உடனே பிரி. எஞ்சினியர் வருவதற்குள் பிரித்து, குழாயைக் கழுவு.

மனுவேல்


குன்னூர்,
21-1-1982

அண்ணே,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள் எஞ்சினியர் வந்துவிட்டார்.

ஞானசீலன் என்று பெயர். மெட்ராஸ்காரர், குளிரில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார். முத்திரையை உடைத்து, குட்டிக் குழலின் வாயைத் திறந்து, வில்லையை இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். அதன்மேல் டேப்பின் பிசிறுகள், அரைத்த தேங்காய்ப்பூ மாதிரி. அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. யாரும் கேட்பதற்கு முன்னால், "சுத்தினது நான்தான் சார்" என்று சொன்னேன்.

அவர் திட்டவில்லை. இந்த மாதிரி நட்டில் மரை வெறும் பிடிப்புக்குத்தான், ஒழுகலை அடைப்பது குழாய் நுனியும் அதிலிருக்கும் கூம்பு வளையமும் என்று விளக்கினார். நுனியை நேராக வெட்டி, புது வளையம் போட்டு, விரலால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று. அவ்வளவுதான். மரையில் டேப் சுற்றுவது பூட்டை விட்டுவிட்டுக் கதவுக்கு மஞ்சள் பூசுவது மாதிரி என்றார். அப்புறம் பழைய குழாய் நுனியைப் பார்த்தார். அது ஆரம்பத்திலேயே கோணலாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டியது கருவியைப் பொருத்த வந்த அவர்கள் கம்பெனி ஆள். அதனால் கசிந்திருக்கிறது. ஆறுச்சாமி சார் ஸ்பானரால் நசுக்கியதில் சொட்டியிருக்கிறது. நான் டேப் சுற்றியதில் அடைத்திருக்கிறது. மூன்று பேர் சேர்ந்து பார்த்த வேலை.

இப்போது எங்கள் அலுவலகம் எழுதிய அறிக்கையைக் கேள். பழுதுக்கெல்லாம் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. கோணலாக வெட்டிய நுனிக்குக் காரணம்: போக்குவரத்து அதிர்வு. நசுங்கிய நட்டுக்குக் காரணம்: இயல்பான தேய்மானம். அடைப்புக்குக் காரணம்: 'உதவியாளர் தபித்தாளின் சிலோன் தோட்டப் பழக்கம்.'

இதில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெரிய அதிகாரி கூப்பிட்டார். கெட்டவர் அல்ல, எனக்காகத்தான் பேசினார். "இது உனக்கு நல்லதும்மா. பழக்கதோஷம்னு எழுதினா, பயிற்சி கொடுங்கன்னு ஒரு வரியோட முடிஞ்சுபோகும். உன் சொந்தத் தவறுன்னு எழுதினா, உன்ன நிரந்தரமாக்குற பைல் அங்கயே நின்னுடும். யோசிச்சுப் பாரு" என்றார். மார்ச் முதல் வாரத்தில் விசாரணை.

யோசித்தேன். மாட்டேன்.

தபித்தாள்


பொகவந்தலாவை,
5-2-1982

தங்கச்சி,

கையெழுத்துப் போடு.

பொய்யா எழுதியிருக்கிறார்கள்? டேப் சுற்றச் சொன்னவன் நான். எனக்குச் சொன்னவர் அப்பா. அப்பா கற்றது இதே ஸ்டோரில். சிலோன் பழக்கம்தானே அது? அவர்கள் உன் கையில் ஒரு குடையைக் கொடுக்கிறார்கள், மழையும் பெய்கிறது, குடையின் நிறம் பிடிக்கவில்லை என்று நனைவேன் என்கிறாய்.

அம்மாவை நினை. இன்னும் எத்தனை வருஷம் அவள் கூடை சுமப்பாள்? நீ நிரந்தரமானால் அவளைக் குன்னூருக்குக் கூட்டிவந்து உட்கார வைக்கலாம். ஒரு வரிக்காக அதை விடுவாயா? நம்மைப் பற்றி யார் எதை எழுதவில்லை? கங்காணி எழுதினான், துரை எழுதினான், அரசாங்கக் கச்சேரியில் எழுதினார்கள், கப்பலில் ஏறும்போது முதுகில் சாக்கட்டியால் எழுதாத குறை. எழுதிவிட்டுப் போகட்டும். நாம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துதானே வந்திருக்கிறோம்.

நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். சப்பாத்து கடிக்கிறது என்று சொல்ல மாட்டாய், காலில் ரத்தம் வந்தாலும் நடப்பாய். கோபப்படாதே. போடு.

மனுவேல்


குன்னூர்,
20-2-1982

அண்ணே,

கோபப்படாதே என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் நன்றாகக் கோபம் வந்தது.

டேப்பைச் சுற்றியது யார்? சிலோன் வந்து என் விரலைப் பிடித்துச் சுற்றியதா? நுனியைத் தாண்டி ஒரு சுற்றுவிட்டது சிலோன் பழக்கமே இல்லை. முதல் இரண்டு மரையை விட வேண்டும் என்பதுதான் உங்கள் பழக்கம், நீயே எழுதியிருக்கிறாய். அப்பா உயிரோடு இருந்து இதைப் பார்த்திருந்தால், "எவ சுத்துன சுத்து இது?" என்று என் தலையில் குட்டியிருப்பார். நான் செய்தது சிலோன் வேலையும் இல்லை, இந்திய வேலையும் இல்லை. பட்டப்படிப்பு படித்துவிட்டு, கையேட்டை முழுக்கப் படிக்காமல், அவசரப்பட்டு நான் செய்த முட்டாள்தனம். அது என்னுடையது. அதை ஏன் இன்னொருவர் தலையில் கட்ட வேண்டும், அதுவும் ஒரு தீவின் தலையில்?

கம்பெனிக்காரன் தவறினால் அதிர்வு. ஆறுச்சாமி சார் தவறினால் தேய்மானம். நான் தவறினால் என் ஆட்கள் எல்லோரும் தவறியதாக எழுதுவார்களா?

நேற்று ஆறுச்சாமி சார் என் மேசைக்கு வந்தார். அவருக்கும் உறுத்துகிறது, அது தெரிகிறது. "ஏம்புள்ள, அந்த வார்த்தைல அப்பிடி என்ன இருக்குதுன்னு இந்தப் பிடிவாதம்? நீங்க சிலோன்ல இருந்து வந்தவங்கதான?" என்று கேட்டார். நான் சொன்னேன், "வந்தவதானுங்க சார், அதுல எனக்கு வெக்கமில்லீங்க. ஆனா இந்தப் பைல் இங்கயே இருக்கும். நாளைக்கு பந்தலூர் லயத்துல இருந்து ஒரு புள்ள படிச்சுட்டு வேலை கேட்டு வந்தா, அவ உள்ள நுழையறதுக்கு முன்னாடியே அந்த வார்த்தை போய் நாற்காலில உக்காந்துக்கும்ங்க. அவ டேப்பே பார்த்திருக்க மாட்டா." "அதும் செரிதான்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவர் மனம் மாறிவிட்டது என்று நான் நம்பவில்லை. அவர் நட்டுக்கு இன்னும் பெயர் தேய்மானம்தான்.

குடை என்றாய். குடையைப் பிடித்துக்கொண்டால் நான் மட்டும் நனைய மாட்டேன், எனக்குப் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் நனைவார்கள்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். நிரந்தரம் தள்ளிப்போகலாம் என்பதையும் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டே கூடைக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள். அப்புறம், "மொட்டையா மாட்டேன்னு நிக்காத. என்ன எழுதணும்னு நீயே சொல்லிப் போடு" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

நீ சப்பாத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அது எனக்கு வாங்கிய சப்பாத்து அல்ல, உன்னுடையது சின்னதாகிப் போனதை எனக்குக் கொடுத்தார்கள். அதையும் தெரிந்துகொள்.

தபித்தாள்


பொகவந்தலாவை,
4-3-1982

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை அண்ணி சத்தமாகப் படித்தாள். படித்து முடித்து என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள், அதற்குப் பதில் நான் அடியே வாங்கியிருக்கலாம்.

போன மாதம் இங்கே ஒன்று நடந்தது. உனக்கு எழுதவில்லை. தேயிலையை உலர்த்தும் பெட்டியின் விசிறி பெல்ட்டு அறுந்துவிட்டது. பழசு, மாற்ற வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தது. புதிதாக வந்திருக்கும் உதவித் துரை அறிக்கை எழுதினார்: 'இந்தியத் தொழிலாளியின் அசட்டையால்.' நான் பிறந்தது இந்த மலையில். என் பெண்டாட்டி இந்நாட்டுப் பிரஜை, அவளைக் கட்டியதால் எனக்கும் அந்தக் கடதாசி கிடைத்தது. இந்தியாவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணி கேட்கிறாள்: "அங்க உங்க தங்கச்சி சிலோன்காரி, இங்க நீங்க இந்தியாக்காரன். அப்ப உங்க ரெண்டு பேரையும் அம்மா எந்தக் கடல்ல பெத்தாங்க?"

அடுத்த கப்பலைப் பற்றி நீ கேட்டதற்கு இதுதான் பதில், தாளில் அடங்காது என்றேனே அது. அங்கே வந்தாலும் என்னை ஏதாவது ஓர் ஊரின் பெயரால்தான் கூப்பிடுவார்கள் என்று பயந்தேன். இங்கேயாவது மழை எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். உங்கள் மீது அன்பில்லாமல் அல்ல. இதை அப்பா இருக்கும்போதே எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுதவில்லை.

விசாரணை நெருங்கிவிட்டது, இது உனக்கு அதற்கு முன் கிடைக்குமோ என்னவோ. போடு என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். போடாதே. உனக்கு உதவும் என்றால் என் பெயரைச் சேர்த்துக்கொள். பொகவந்தலாவை மனுவேல் சொல்லித்தான் செய்தேன் என்று எழுது. என் பெயரை எழுது, ஊரை மட்டும் காரணமாக எழுத விடாதே.

மனுவேல்


குன்னூர்,
19-3-1982

என் அண்ணனுக்கு,

உன் கடிதம் விசாரணைக்குப் பிறகுதான் வந்தது. ஆனால் நீ சொன்னதைத்தான் செய்திருந்தேன், உன் பெயரை மட்டும் சேர்க்கவில்லை. சொன்னவன் நீ, சுற்றிய விரல் என்னுடையது. உன்னைக் காட்டிக்கொடுப்பதற்கா இத்தனை வருஷம் கழித்துக் கடிதம் எழுதினேன்?

நசுங்கிய நட்டைக் கையோடு கொண்டு போனேன். மேசையில் வைத்தேன். ஸ்பானரின் பல் ஆறு பக்கத்திலும் பதிந்திருக்கிறது. "என் விரலுக்குப் பல் கிடையாதுங்க" என்றேன். பெரிய அதிகாரி ஆறுச்சாமி சாரைப் பார்த்தார். ஆறுச்சாமி சார் நிமிர்ந்து, "ஆமாங்க, ரெண்டு சுத்து சுத்துனேனுங்க. ஒழுவுச்சு, சுத்துனேன். அதுக்கென்ன இப்ப?" என்றார். அவர் குரலில் பயமே இல்லை. எனக்கு அது பிடித்துக்கூட இருந்தது. ஆனாலும் அவர் கட்டத்தில் தேய்மானத்தை யாரும் அடிக்கவில்லை. நான் வற்புறுத்தினேன், "அது உங்க வேலை இல்லம்மா" என்று முடித்துவிட்டார்கள். எல்லாவற்றிலும் நான் ஜெயித்தேன் என்று நினைத்துவிடாதே.

என் கட்டத்துக்கு வந்தார்கள். 'சிலோன் தோட்டப் பழக்கம்' என்ற மூன்று வார்த்தைகளை அடியுங்கள் என்றேன். "கட்டத்த காலியா விட முடியாதும்மா. ஏதாவது ஒரு காரணம் வேணுமே" என்றார் பெரிய அதிகாரி. நான் காலியாக விடச் சொல்லவில்லை, என் தவறு என்று எழுதுங்கள் என்றேன். டைப்பிஸ்ட் கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். "நிரந்தரம் நின்னுபோகும். தெரிஞ்சுதான் சொல்றியா?" என்று இரண்டாம் தடவையும் கேட்டார் பெரிய அதிகாரி. தெரிந்துதான் சொல்கிறேன் என்றேன். வாபஸ் வாங்கவில்லை.

நின்றுவிட்டது. இன்னும் ஒரு வருஷம் தற்காலிகம். அதன் பிறகும் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், தருவோம் என்று சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லப் போனபோது பஸ் முழுக்க அழுதுகொண்டு போனேன். அவள், "சரி, இன்னும் ஒரு வருசம் பறிக்கிறேன். மலை எங்கயும் போயிராது" என்றாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கப்பலைப் பற்றி நீ எழுதிய இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு, "இத முன்னமே எழுதித் தொலைச்சிருந்தா என்ன?" என்று உன்னைத் திட்டினாள். நன்றாகத் திட்டினாள். எனக்கும் அதே எண்ணம்தான், ஆனால் உன்மேல் இருந்த கோபம் என்னிடம் இப்போது இல்லை. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கருவி ஓடுகிறது. புது நட்டை நான்தான் பொருத்தினேன். நுனியைப் பிளேடால் நேராக வெட்டி, விரலால் இறுக்கி, கால் சுற்று. ஐந்நூற்றுப் பத்து ராத்தலில் முள் ஆடாமல் நிற்கிறது. பந்தலூர்த் தண்ணீரை மறுபடி வரவழைத்து ஓட்டினேன். நைட்ரேட் மலை தாளைத் தாண்டிப் போய்விட்டது. உரம் போடும் சரிவுக்குக் கீழேதான் அவர்கள் ஊற்று இருக்கிறதாம். முடிவை அனுப்பிவிட்டோம். வேறு ஊற்றிலிருந்து தண்ணீர் கொடுக்கும் வரை நான் எழுதிக்கொண்டே இருப்பேன்.

நேற்று விசாரணை உத்தரவு கைக்கு வந்தது. வாங்கி, ஓரமாகப் போய் நின்று படித்தேன். அண்ணே, மண்டபம் முகாமில் கொடுத்த அட்டையில் என் பெயருக்குப் பின்னால் 'தாயகம் திரும்பியவர்' என்று இருந்தது. ரேஷன் கார்டில் இருந்தது. கல்லூரியில் சேர்த்துக்கொண்ட தாளில் இருந்தது. இந்த வேலை உத்தரவிலும் இருந்தது. நல்லது செய்த தாள் எல்லாவற்றிலும் அது இருந்தது. எனக்குக் கொடுத்த தண்டனைத் தாளில்தான் இல்லை. 'காரணம்: தபித்தாளின் தவறு' என்று டைப் அடித்திருக்கிறார்கள், வேறு ஒரு சொல்லும் ஒட்டவில்லை. இந்த நாட்டில் என் பெயர் தனியாக நின்றது இதில்தான். உனக்கு ஒரு நகல் இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் தங்கச்சி
தபித்தாள்